நாங்கள் சிவப்பு போட்ட கரை

மார்ச் 10, திங்கள்

காலையிலேயே கரண்ட் இல்லை. திருத்தணியில், அரக்கோணம் ரோட்டு ஜவுளிக்கடை மாடியில் எட்டுக் கம்ப்யூட்டரும் எட்டுப் பெண்களும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்த அழகில் இது ஐடி வேலையாம். இவர் ரயில்வே வொர்க்‌ஷாப்பில் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார்: "எங்க வீட்டம்மா ஐடி."

புது வேலை வந்திருக்கிறது. அலையாத்திக் காடு. கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கிற இடத்தில் சேற்றுக்குள் வளர்கிற காடு. நண்டுப்பேடு என்று ஏதோ ஓர் ஊரின் கழிமுகத்தில் ட்ரோன் விட்டு எடுத்த படங்கள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றிலும் எது நல்ல மரம், எது வாடியது, எது செத்தது, எது வெட்டப்பட்ட இடம், எது சேறு, எது தண்ணீர் என்று நாங்கள் வண்ணம் போட்டுக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துச் செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொள்ளும். பிறகு, பக்கத்து ஆலையின் கழிவுத் தண்ணீரால் அந்தக் காடு என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லும். ஜோசியம்தான், வேறென்ன. கிளி அவர்களுடையது, சீட்டு எழுதித் தருவது நாங்கள்.

எங்களில் ஒருத்திகூட அலையாத்தியை நேரில் பார்த்ததில்லை. மதியம் சௌமியா கூப்பிட்டாள். மரத்தைச் சுற்றிச் சேற்றில் குச்சி குச்சியாக ஏதோ நிற்கிறது.

"இது இன்னாக்கா? சேறா, செத்ததா?"

"கட்டைடி. கரும்பு வெட்டுன கழனி பார்த்ததில்ல நீ?"

"பார்க்கறதா? எங்கம்மா எங்கப்பா வெட்டிகினே இருக்காங்க!"

எல்லாரும் சிரித்தோம். வெட்டப்பட்ட இடம், சிவப்பு போடு என்றேன். எங்களுக்கு வேலை தருகிற சென்னை ஆபீஸிலிருந்து வந்த குறிப்பிலும் வெட்டின இடத்துக்கு மாதிரியாகத் தரையோடு நிற்கிற கட்டைகளைத்தான் காட்டியிருந்தார்கள். கரும்பு விளைகிற ஆர்.கே.பேட்டைப் பக்கத்துப் பெண்களுக்குக் கட்டையை யாராவது சொல்லித் தர வேண்டுமா?

மார்ச் 12, புதன்

உதயா அரை நாள் லீவு. மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அவள் படங்களையும் நானே போட்டேன். இப்போது எனக்குக் கண் ஆபரேஷன் தேவைப்படும்.

ஏப்ரல் 4, வெள்ளி

முடிந்தது. சென்னை ஆபீஸிலிருந்து ராஜேஷ் போன் செய்தான். ஒரே படத்தை எட்டுப் பேருக்கும் தெரியாமல் கொடுத்துச் சோதித்தார்களாம். எட்டுப் பேரும் ஒரே மாதிரி போட்டிருக்கிறோமாம். "இந்த அளவுக்கு ஒத்துப்போற டீம் எங்ககிட்ட வேற இல்ல மேடம்."

பெருமையாகத்தான் இருந்தது. எல்லாருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன். நான்தான் இவர்களைப் பழக்கினேன், அதையும் எழுதி வைக்கிறேன். வேறு யாரும் எழுதப் போவதில்லை.

மே 22, வியாழன்

இப்போது மிஷினே வண்ணம் போடுகிறது. நாங்கள் சரிபார்த்தால் போதும். ஒரு படத்தைத் திறந்தால் கண்ணிமைப்பதற்குள் போட்டு, எவ்வளவு நிச்சயம் என்றும் பக்கத்தில் காட்டுகிறது. சிவப்புக்கு எப்போதும் தொண்ணூற்றேழு சதவீதம். நான் சொல்லிக் கொடுத்த பிள்ளை, தப்பு பண்ணுமா என்றேன். உதயா, "இது நம்ம சோத்துல மண்ணு போடப்போவுதுக்கா" என்றாள். அவளுக்கு எப்போதும் நல்ல வார்த்தை வாயில் வராது.

ஜூலை 13, ஞாயிறு

நைனா வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் கழனியில் கரும்பு வெட்ட வருகிற முனியண்ணன் வாசலில் நின்றிருந்தார். முகம் சரியில்லை. என்ன என்று கேட்டதும் கொட்டிவிட்டார்.

அவருடைய தங்கை மணியம்மையைக் கடலோரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. காட்டுக்குள் சேற்றில் இறங்கி, பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிப்பார்கள். அதுதான் அந்த ஊர்ப் பெண்களுக்குப் பிழைப்பு. இப்போது அதிகாரிகள் வந்து வேலி போட்டுவிட்டார்கள். இவர்கள்தான் மரத்தை வெட்டிக் காட்டை அழிக்கிறார்களாம்.

"வெட்டுனாங்களா முனியண்ணா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது சோறு போடற காடு லதாம்மா. அத்த எவனாச்சும் வெட்டுவானா? கம்ப்யூட்டரு மேலேர்ந்து பார்த்துக் கண்டுபிடிச்சிட்சாம். ஆலைத் தண்ணியால ஒண்ணுமே இல்லியாம். மழை வுட்டதும் தொறக்கலன்னா செங்கல் சூளைக்குத்தான் போவணும்னு அழுவுது. சூளைக்காரன் ரெண்டு தபா வந்து கூப்ட்டான். போனா புள்ளைங்க படிப்பு போச்சு."

ஊர் என்ன என்றேன்.

நண்டுப்பேடு.

போனில் ஒரு படம் காட்டினார். ஊரில் ஒட்டியிருந்த அறிவிப்பை யாரோ எடுத்து அனுப்பியது. அதில் ஒரு வரைபடம். ஆலைத் தண்ணீர் வந்து விழுகிற கிழக்குக் கரை முழுக்கச் சிவப்பு. அது எங்கள் சிவப்பு. அந்த நிறத்தை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

சாப்பிடாமல் வந்துவிட்டேன். நைனா கோபித்துக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள்

யாரும் வருவதற்கு முன்பே ஆபீஸைத் திறந்தேன். கிழக்குக் கரைப் படங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

முனை கூராக இருக்கிறது.

எல்லாமே. ஒன்றுவிடாமல். கரும்பை வெட்டினால் தலை தட்டையாக இருக்கும், இல்லை சாய்வாகச் சீவினது போல இருக்கும். சின்ன வயதில் அதில் காலைக் குத்திக்கொண்ட தழும்பு இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது. பென்சில் மாதிரி கூராக எந்தக் கட்டையும் இருக்காது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். பின்னே ஏன் பார்க்கவில்லை? கட்டை என்று முடிவு பண்ணிவிட்டேன், அதனால் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

மிஷினில் போட்டுப் பார்த்தேன். வெட்டப்பட்ட இடம், தொண்ணூற்றேழு சதவீதம். என் தப்பை என்னிடமே என்ன தெம்பாகச் சொல்கிறது பாருங்கள்.

ஜூலை 15, செவ்வாய்

ராஜேஷிடம் சொன்னேன். எல்லாவற்றையும், ஒளிக்காமல்.

"ரிப்போர்ட் போயாச்சு மேடம். இதெல்லாம் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்."

"முன்னப்பின்ன இல்லங்க. ஒரு கரையே தப்பு."

"எட்டுப் பேரும் ஒரே மாதிரிதானே போட்டீங்க? எட்டுப் பேர் சொன்னது எப்படித் தப்பாகும்?"

எட்டுப் பேரும் ஒரே பக்கத்துக் கழனியிலிருந்து வந்தவர்கள்டா என்று சொல்ல வாயெடுத்தேன். வைத்துவிட்டான்.

ஜூலை 19, சனி

சௌமியாவைக் கூட்டிக்கொண்டு நண்டுப்பேடு போய் வந்தேன். திருத்தணியிலிருந்து சென்னை, அங்கிருந்து வடக்கே போகிற ரயில், பிறகு ஷேர் ஆட்டோ. மணியம்மை ஆட்டோ நிற்கிற இடத்திலேயே காத்திருந்தார். அண்ணன் சொல்லி அனுப்பிய ஆட்கள் என்று காலுக்குத் தண்ணீர் கொடுத்தார், டீ வைத்தார். அந்த டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

காட்டைச் சுற்றி நீல வலை கட்டி, மரம் வெட்டுவது குற்றம் என்று பலகை. தண்ணீர் வற்றியிருந்த நேரம். வலைக்கு வெளியே கொஞ்சம் சேற்றில் குச்சிகள் நின்றன. உட்கார்ந்து ஒன்றைத் தொட்டேன். வளைந்தது. விட்டதும் நிமிர்ந்தது. சேற்றைக் கிளறினேன். கீழே கயிறு மாதிரி ஒரு வேர் ஓடுகிறது, அதிலிருந்து வரிசையாக இவை மேல்நோக்கி வந்திருக்கின்றன. அந்தக் கயிறு நேராக மரத்துக்குத்தான் போகிறது.

"வேருங்க அது," என்றார் மணியம்மை. "சேத்துக்குள்ள காத்து இல்லல்ல, அதால மேல மூக்க நீட்டிகினு இருக்குது."

கிழக்குக் கரையை வலைக்கு வெளியிலிருந்தே காட்டினார். ஆலைத் தண்ணீர் வெதுவெதுப்பாக ஒரு வாய்க்காலில் வந்து விழுகிறது. அந்தப் பக்கத்து வேர்களெல்லாம் சாம்பல் பூசி மொத்தையாக நிற்கின்றன. மேலே மரத்தில் இலையே இல்லை. இலை கொட்டினதால்தான் ட்ரோனுக்கு வேர் தெரிந்திருக்கிறது. மூச்சடைத்துச் சாகிற மரங்களைப் பார்த்து வெட்டின இடம் என்று எழுதியிருக்கிறோம். அதனால்தான் மிஷின், வெட்டுவதை நிறுத்தினால் போதும், ஆலை இன்னொரு மடங்கு தண்ணீர் விட்டாலும் காடு தாங்கும் என்று, ஊரில் கொடுத்திருந்த அறிக்கையில் ஜோசியம் சொல்லியிருக்கிறது.

"நாங்க வெட்டறோம்னு எவங்க சொன்னது, அதான் தெரியல," என்றார் மணியம்மை.

சௌமியா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். "நாங்கதாம்மா."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களா? நீங்க இங்க வந்ததே இல்லியேங்க."

ஜூலை 20, ஞாயிறு

ஒன்றும் ஓடவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று இவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

அந்த மிஷினை உருவாக்கிய பேராசிரியர் ஜெகநாதன். மணியம்மையிடமிருந்து வாங்கி வந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவர் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். இங்கிலீஷில் ஆரம்பிப்பார் என்று பயந்து ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தேன். தமிழில்தான் பேசினார்.

முழுதும் கேட்டார்.

"குறிப்பு எழுதினது நான். மூச்சு வேருக்கு ஒரு வண்ணமே வைக்கலையேம்மா நான். எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுட்டேன்."

நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதராக இருந்து என்ன? ஆலைக்குக் கூடுதல் தண்ணீர் விட அனுமதி தருவதா என்று ஆகஸ்ட் இருபத்தொன்றில் அந்த ஊரிலேயே கருத்துக் கேட்புக் கூட்டம். வேலியைப் பற்றியும் அங்கேதான் முடிவாகும். அதற்குள் கிழக்குக் கரைப் படங்களையெல்லாம் திருத்திக் கொடுத்தால், அதை வைத்துப் பேசுவேன், வெறும் வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். ராஜேஷின் ஆபீஸ் இதற்குச் சம்பளம் தராது. வேலையையே பிடுங்கிக்கொள்வார்கள் என்பது எனக்கே தெரியும்.

இதைப் பெண்களிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 23, புதன்

சொன்னேன். உதயா எழுந்து நின்றுவிட்டாள்.

"சோறு போடற வேலைய நாமளே கெடுத்துக்கணுமா? உங்க வீட்டுக்காரரு ரயில்வே. எனக்கு யாருக்கா இருக்காங்க?"

நியாயம். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் கத்தினேன். "அப்ப போ! யாரு புடிச்சி வெச்சிகினு இருக்காங்க உன்ன!" என்ன பேச்சு அது. அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். இன்னும் இரண்டு பேர் பின்னாலேயே போனார்கள். சௌமியா முதல் படத்தைத் திறந்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

புது வண்ணம் ஊதா. மூச்சு வேர். சாம்பல் பூசினது என்றால் கரு ஊதா. வேலை நேரம் முடிந்த பிறகு போடுகிறோம். ஐந்து பேரால் ஆகிற காரியமாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

உதயா வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் போட்டத நானே மாத்தறேன். என் படத்துல வேற எவளும் கை வெக்காதீங்க."

மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். "மொதல்ல ஃபேன் போடுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிருத்திகைக் கூட்டம். மலைக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் ஊரே காவடி. அரோகரா சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவள் பேசுவது கேட்கவில்லை. எங்கள் மாடிப்படி முழுக்க ஆட்கள் படுத்திருக்கிறார்கள், தாண்டித் தாண்டித்தான் ஏறினோம். வேலை முடிந்துவிட்டது, அனுப்பத்தான் முடியவில்லை. இத்தனை ஆயிரம் போனுக்கு நடுவில் எங்கள் நெட் எங்கே வரும்? சுற்றிக்கொண்டே இருந்தது.

கடைசியில் இவர் ஹார்டு டிஸ்க்கைக் கேட்டார். டிபன் பாக்ஸ் பையில் போட்டுக்கொண்டு அரக்கோணம் போய், அங்கிருந்து லோக்கல் பிடித்துச் சென்னையில் பேராசிரியர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். "ஐடி கூரியர்" என்று தன்னையே சொல்லிக்கொண்டார். நான் அழுதேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கல்யாண மண்டபத்தில் கூட்டம். முன்வரிசையில் அதிகாரிகளும் ஆலைக்காரர்களும், பின்னால் நண்டுப்பேடு ஜனம். மணியம்மை இரண்டு பெண் பிள்ளைகளோடு சுவரோரம் நின்றிருந்தார். பேராசிரியர் படங்களைத் திரையில் காட்டி, முதல் அறிக்கை தப்பு, அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றார்.

ஆலைத் தரப்பில் ஒருவர் எழுந்து, படங்களைக் குறித்தது யார் என்று கேட்டார். நான் எழுந்தேன்.

"நாங்கதாங்க. திருத்தணி. கரும்புக் கழனி பார்த்த கண்ணு, வேரைப் பார்த்துட்டு வெட்டுன கட்டைன்னு நெனச்சிட்டோம்."

யாரோ சிரித்தார்கள். அந்த ஆள் விடவில்லை. "அன்னைக்குத் தப்பு, இன்னைக்குச் சரின்னு நாங்க எப்படிம்மா நம்புறது?"

நல்ல கேள்விதான். ராத்திரியெல்லாம் நானே என்னைக் கேட்டுக்கொண்டதுதான்.

"என்ன நம்ப வேணாங்க. எந்திரிச்சி வாங்க, பக்கத்துலதான் இருக்குது. தொட்டுப் பாருங்க. வெட்டுன கட்டையா இருந்தா வளையாது."

அவர் வரவில்லை. ஆனால் நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரியம்மா வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து தொட்டார். மறுபடி தொட்டார். திருத்திய படங்களை வைத்துப் புதுக் கணக்கு வரும்வரை எந்த முடிவும் இல்லை என்று அறிவித்தார்கள். வேலியும் அதுவரை அப்படியே.

செப்டம்பர் 3, புதன்

ராஜேஷ் வண்டி அனுப்பிக் கம்ப்யூட்டர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டான். உதயாவுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலை கிடைத்திருக்கிறது, விடியற்காலை பஸ். சௌமியா அரக்கோணத்தில் துணிக்கடையில் சேர்ந்திருக்கிறாள். மற்றவர்கள் வீட்டில். கீழே ஜவுளிக்கடைச் சேட்டு, மாடியை வேறு ஆளுக்கு விடலாமா என்று கேட்டார். விடுங்க என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

முனியண்ணனைப் பார்த்தேன். சூளைக்காரன் மறுபடி வந்தானாம். அவன் தருகிற முன்பணத்துக்குத் தங்கை இன்னும் கை நீட்டவில்லையாம். இன்னும் எத்தனை நாளைக்கு நீட்டாமல் இருக்க முடியும்?

அக்டோபர் 12, ஞாயிறு

பேராசிரியர் போன் செய்தார். புதுக் கணக்கு வந்துவிட்டது. ஊர் ஜனம் வெட்டியதற்கு அடையாளமே இல்லை. ஆலைக்குக் கூடுதல் தண்ணீர் விட அனுமதி கிடையாது. வேலியை நேற்றே அவிழ்த்துவிட்டார்கள்.

துள்ளிக் குதிக்கப் போனேன். "இன்னொண்ணு இருக்கும்மா" என்றார்.

இப்போது விடுகிற தண்ணீர் அப்படியேதான் இருக்கும். அதற்கு எப்போதோ அனுமதி கொடுத்தாகிவிட்டது, அதை யாரும் தொடவில்லை. அது இருக்கிறபடியே இருந்தால், ஆறு மழைக்காலத்துக்குள் கிழக்குக் கரை போய்விடும் என்று மிஷின் சொல்கிறது. அதற்குப் பிறகு மேற்கே நகரும். மீதிக் காடும் தாங்காது. இந்த முறை எவ்வளவு நிச்சயம் என்று கேட்டேன். சொன்னார். கேட்டிருக்க வேண்டாம்.

சாயங்காலம் மணியம்மைக்குப் போன் செய்தேன். பின்னால் ஒரே சத்தம், பிள்ளைகள், பாத்திரம்.

"காலீல எறங்கிட்டோம் யக்கா! நெறைய இறா. மூணு மாசமா எவளும் கை வெக்கலல்ல, கொழுத்துப் போயிருக்குது. சூளைக்காரன போடான்னு சொல்லிட்டேன்."

சொல்லாமல் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தக் காட்டைப் பற்றி அவருக்குத் தெரியாமல் பேசியதெல்லாம் போதும். சொன்னேன். ஆறு மழைக்காலம் என்பதையும் சொன்னேன்.

பிறகு அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"வுடுங்க யக்கா. அன்னிக்கி நாங்க வெட்டுனோம்னு அதே மிஷினுதான சொல்லுச்சி? அது தப்பாப் போச்சில்ல. இதுவும் தப்பாத்தான் இருக்கும். நீங்க ஏன் மனச போட்டுக் கொழப்பிக்கிறீங்க?"

ஆங், இருக்கும் என்றேன்.

இவருடைய லேப்டாப்பில் அந்தப் படங்களின் நகல் இருக்கிறது. திறந்து உட்கார்ந்தேன். கிழக்குக் கரையை முதலிலிருந்து பார்த்தேன். எங்கேயாவது வேரல்லாததை வேர் என்று போட்டிருப்போம், நிழலைச் சாம்பல் என்று போட்டிருப்போம், சௌமியா அவசரத்தில் ஒன்றை விட்டிருப்பாள், நான் கண் எரிச்சலில் ஒன்றை விட்டிருப்பேன். ஒன்று கிடைத்தால் போதும், நாளைக்கே பேராசிரியரைக் கூப்பிடலாம். உதயாவின் படங்களை இரண்டு முறை பார்த்தேன்.

எல்லாம் சரியாக இருக்கிறது.